தூணில் விரிசலா? கொத்தனாரை உள்ளே விடுவதற்கு முன் படியுங்கள்

எங்கள் அடுக்குமாடியில் வண்டி நிறுத்தும் தளத்துத் தூண் ஒன்று நெடுக்காக விரிசல் விட்டது. கட்டுநர் கொத்தனாரை அனுப்பிப் பூசி, வெள்ளையடித்து, 'குறை சரிசெய்யப்பட்டது' என்ற தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பதினோரு மாதத்தில் அதே இடத்தில் துருக்கறை. தாள் அவரிடம் பத்திரமாக இருந்தது. எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு சொல்வது இவ்வளவுதான்: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை என்று தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு. மறுவிற்பனையில் வாங்கியவருக்கும் இந்த உரிமை உண்டு, வாடகைதாரருக்கு இல்லை.

கணக்கு தொடங்குவது பத்திரப்பதிவு நாளில் அல்ல, ஒப்படைத்த நாளில். ஒப்படைப்புக் கடிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள். 'ஓராண்டு மட்டுமே உத்தரவாதம்' என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருப்பதைக் காட்டி மிரட்டுவார்கள்; அது சட்டத்தை வெல்லாது. 'வந்து பார்க்கிறோம்' என்று தொலைபேசியிலேயே ஐந்தாம் ஆண்டைக் கடத்திவிடுவது இன்னொரு வித்தை. தேதியுடன் படம் எடுத்து, ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்ட பிறகு பேசுங்கள்.

பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ அந்தத் திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். ஆறு வீட்டுக் கட்டடத்தில் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்; அங்கே கெடு 2 ஆண்டு.

மாநகராட்சிக்குப் போனால் திட்ட அனுமதி தந்த அலுவலகத்தைக் கேட்கச் சொல்வார்கள். அங்கே, பணிநிறைவுச் சான்று கொடுத்தாயிற்று என்பார்கள். காவல் நிலையத்தில் 'சிவில் விவகாரம்'. மூன்று வாசலையும் மிதித்துவிட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களைக் கான்கிரீட்டின் சோதனைக்குச் செலவிடுங்கள்.

சோதனையிலும் ஏமாற்று உண்டு. கட்டுநர் அழைத்து வரும் பொறியாளர் சுத்தியல் போன்ற கருவியால் நாலு இடத்தில் தட்டி 'வலு நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுப்பார். அது மேற்பரப்பின் கடினத்தை மட்டும் அளப்பது. காற்றிலுள்ள கரியமில வாயு ஊறிய பழைய கான்கிரீட்டில் அது கூடுதலாகவே காட்டும். உள்ளே கம்பி துருப்பிடிப்பதை அது சொல்லாது. துளையிட்டு உருளைத் துண்டு எடுக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி, அத்துண்டுகளின் சராசரி வலு, வடிவமைப்பில் குறிப்பிட்ட தரத்தின் வலுவில் 85 விழுக்காட்டுக்கும், எந்தத் தனித் துண்டின் வலுவும் 75 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. புதிதாக உடைத்த பரப்பில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி ரசாயனத்தைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை எட்டியிருந்தால் துருவைத் தடுக்கும் காப்பு போய்விட்டது. கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பான குளோரைடின் அளவையும் கேளுங்கள்: கம்பியிட்ட கான்கிரீட்டில் கனமீட்டருக்கு 0.6 கிலோவே உச்சவரம்பு. கடலோரமென்றால் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். பல இடங்களில் உடைத்துப் பார்த்தால் விரல் தடிமன்கூட இருக்காது.

தூண் பொதுச்சொத்து. சங்கத்தின் தீர்மானம் இல்லாமல் தனியாளாகத் துளைபோட்டால் 'நீங்கள்தான் சேதப்படுத்தினீர்கள்' என்று திருப்பிவிடுவார்கள். துளைக்கும் இடத்தைக் கட்டுநரிடமும் விடாதீர்கள்.

தமிழ்நாட்டில் ரெராவில் புகார் கொடுக்கும்போது, பழுதைச் சரிசெய்ய உத்தரவு வேண்டுமென்றால் 'எம்' (M) படிவம், இழப்பீடு வேண்டுமென்றால் 'என்' (N) படிவம். ஒன்றில் இரண்டையும் கேட்டால் இழப்பீட்டுக்கு மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான்.