சாய்ந்த கோபுரங்களின் பாரம் எங்கே இறங்குகிறது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெக்ஸ்னர் கலை மையம் இருக்கிறது. 1989இல் திறக்கப்பட்டது. உள்ளே ஒரு படிக்கட்டுக்கு மேல், கூரையிலிருந்து வெள்ளைத் தூண் ஒன்று இறங்கி வருகிறது. தரையைத் தொடாமல் அந்தரத்தில் முடிந்துவிடுகிறது. பாரத்தைத் தாங்க வேண்டிய தூண், தானே ஒரு பாரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. வடிவமைத்தவர் பீட்டர் ஐசன்மன். தூண் என்றால் ஊன்றி நிற்கும், சுவர் என்றால் நேராக எழும் என்று நம் கண் பழகிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தை அவர் வேண்டுமென்றே அறுத்தார்.

இந்தப் போக்குக்குக் கட்டுடைப்புக் கட்டிடக்கலை என்று பெயர். 1988இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஃபிலிப் ஜான்சனும் மார்க் விக்லியும் நடத்திய கண்காட்சிதான் இந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. ஐசன்மன், ஃபிராங்க் கெரி, ஸஹா ஹதீத், ரெம் கூல்ஹாஸ், டேனியல் லிபெஸ்கிண்ட், பெர்னார்ட் ட்சூமி, வியன்னாவின் கூப் ஹிம்மெல்பிளாவ் குழு என்று ஏழு பேரின் படைப்புகள் அங்கே இருந்தன. அந்த முத்திரையை எல்லோரும் விரும்பி ஏற்றுக்கொள்ளவில்லை. 1920களின் ரஷ்யக் கலைஞர்கள் வரைந்துவிட்டுக் கட்ட முடியாமல் போன சாய்கோடுகள் ஒரு பக்கம், பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெரிதாவின் கட்டுடைப்புத் தத்துவம் மறுபக்கம் என்று இதன் வேர்களைச் சொல்வார்கள். இலக்கிய விமர்சனம் வழியாகத் தமிழுக்கு வந்த அதே தெரிதாதான். பாரிஸின் லா வில்லெத் பூங்காவுக்காக ஐசன்மனோடு சேர்ந்து ஒரு தோட்டம்கூடத் திட்டமிட்டார், அது கட்டப்படவில்லை. தத்துவத்தைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. இடிந்து விழப்போவதுபோல் தோன்றும் ஒரு கட்டிடம் எப்படி விழாமல் நிற்கிறது என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையான கேள்வி.

ஒரு கட்டிடத்தின் ஒவ்வொரு கிலோ எடையும் ஏதோ ஒரு வழியாக மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வெக்ஸ்னரின் தொங்கும் தூண் எதையும் தாங்கவில்லை என்றால், அது தாங்கியிருக்க வேண்டிய எடையை வேறு பீம்களும் வேறு தூண்களும் தாங்குகின்றன. கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராக்குவது அழகுக்காக மட்டும் இல்லை. நேரான சுவரில் எடை நேர்க்கோட்டில் கீழே இறங்குகிறது; செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படி அமுக்கப்படுவதை நன்றாகத் தாங்கும். சுவரைச் சாய்த்தால் எடையின் மையம் அடிப்பகுதியிலிருந்து விலகிப்போகிறது, கவிழ்க்கும் திருப்புவிசை பிறக்கிறது. சாய்கிற பக்கம் நசுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். இழுவையைக் கான்கிரீட் தாங்காது, அங்கே எஃகு வேண்டும். கோணல் கூடக் கூட எஃகும் கூடும், கணக்கும் கூடும்.

அந்தக் கணக்கைக் கையால் போட முடியாத கட்டம் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் வந்தது. 1997இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஒரு வளைவுபோல் இன்னொன்று இருக்காது. கெரி தாளிலும் மரத்திலும் மாதிரி செய்தார். அதன் பரப்பைப் புள்ளி புள்ளியாக அளந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார்கள். உதவியது காட்டியா என்ற மென்பொருள். பிரான்சின் தஸ்ஸோ நிறுவனம் விமானங்களை வடிவமைக்க உருவாக்கியது அது. வெளியே அலையடிக்கும் அந்தக் கட்டிடத்தின் முதன்மைச் சட்டகம் பெரும்பாலும் நேரான எஃகுத் துண்டுகளால் ஆனது என்பதைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். நேர்த்துண்டுகளைக் கோணம் மாற்றி மாற்றி இணைத்தே வளைவை நெருங்கிவிட்டார்கள். மிச்ச வளைவை அதன்மேல் பொருத்திய குழாய்கள் தருகின்றன; எல்லாவற்றுக்கும் மேலே 0.38 மி.மீ. தடிமனுள்ள டைட்டானியத் தகடு. நாம் வியந்து பார்க்கும் தோல் பாரம் எதையும் சுமப்பதில்லை. அது அழகான மூடாக்கு, அவ்வளவுதான். பில்பாவோ எனக்குப் பிடித்திருந்தாலும் இந்த இடத்தில் மனம் கொஞ்சம் பின்வாங்குகிறது: உள்ளே நடக்கும் உழைப்பை வெளியே இருப்பவர் அறிய வழியே இல்லை.

பாரத்தைக் கணக்கில் அடக்கினாலும் வெயிலும் மழையும் மிச்சமிருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் 2003இல் திறந்த வால்ட் டிஸ்னி இசை அரங்கும் கெரியுடையதுதான். அதன் ஒரு பகுதியில் கண்ணாடிபோல் மெருகிட்ட எஃகுத் தகடுகள் உட்குழிந்த வளைவில் அமைந்திருந்தன. அப்படிப்பட்ட பரப்பு ஒரு குழியாடி. வெயிலைக் குவித்து எதிரே இருந்த குடியிருப்புகள் மீது வீசியது. 2005இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மெருகைக் குறைக்க வேண்டியதாயிற்று. பாஸ்டனை ஒட்டிய எம்.ஐ.டி. வளாகத்தில் கெரி கட்டிய ஸ்டாட்டா மையத்தில் ஒழுக்கும் விரிசலும் என்று சொல்லி, 2007இல் நிர்வாகம் வழக்கே தொடுத்தது. 2010இல் சமரசம் ஆனது. பல திசைகளில் சாயும் பரப்புகள் சந்திக்கும் ஒவ்வொரு மூட்டும் தண்ணீர் தேங்கவோ நுழையவோ ஒரு வாய்ப்பு. சாதாரணச் சாய்கூரையில் அப்படிப்பட்ட மூட்டுகள் சில. இந்தக் கட்டிடங்களில் எண்ணி மாளாது.

இந்தப் பரம்பரையில் பொறியியல் உச்சம் என்று கேட்டால் நான் பெய்ஜிங்கைத்தான் காட்டுவேன். சீன மத்தியத் தொலைக்காட்சியின் தலைமையகம், 234 மீட்டர் உயரம். கூல்ஹாஸும் ஓலே ஷீரனும் வடிவமைத்தது. பொறியியல் ஆரப் நிறுவனத்துடையது. அந்தப் பொறியியலில் முன்நின்றவர்களில் ஒருவர் கொழும்பில் பிறந்த செசில் பால்மண்ட். இரண்டு கோபுரங்கள், இரண்டும் இரு திசைகளில் 6 டிகிரி சாய்ந்தவை. 100 மீட்டர் ஏறினால் ஒரு திசையில் மட்டும் பத்தரை மீட்டர் விலகல் என்று கணக்கிட்டுப் பாருங்கள். உச்சியில் இரண்டும் திரும்பி, 75 மீட்டர் வரை கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் வெட்டவெளியில் நீண்டு, ஒரு மூலையில் சந்திக்கின்றன. இது நிலநடுக்க அபாயமுள்ள ஊர் வேறு.

முதலில் அடித்தளம். எடையின் மையம் கோபுரத்தின் காலடியில் இல்லை என்பதால் அடித்தளப் பலகையையே கோபுரத்தின் எல்லைக்கு வெளியே நீட்டினார்கள், இறங்கும் எடை அந்தப் பலகையின் நடுவை ஒட்டி விழும்படி. அடுத்து உட்பக்கம். சாதாரண லிஃப்ட் செங்குத்தாகத்தான் ஏறும். ஆகவே லிஃப்ட் தண்டும் உள்தூண்களும் செங்குத்தாகவே எழுகின்றன. கோபுரம் அவற்றை விட்டு விலகிப்போகும் உயரங்களில், மேலே புதிதாகத் தொடங்கும் தூண்களின் எடையை வாங்கிப் பக்கவாட்டில் கடத்த எஃகுச் சட்டங்கள் வைக்கப்பட்டன.

மிச்ச வேலையெல்லாம் வெளித்தோலுடையது. பந்தல் கால்களுக்கிடையே ஒரு மூங்கிலை மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டியதும் ஆட்டம் நின்றுவிடுவதைப் பார்த்திருப்போம். நாற்கோணம் நெளியும், முக்கோணம் நெளியாது. பெய்ஜிங் கட்டிடத்தின் மேற்பரப்பு முழுவதும் எஃகாலான அப்படிப்பட்ட குறுக்குக்கட்டு ஓடுகிறது. முதலில் எல்லா இடத்திலும் ஒரே அளவு வலையாக வரைந்தார்கள். பிறகு எடை, காற்று, நிலநடுக்கம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்து, விசை மிகுந்த இடத்தில் வலையை நெருக்கினார்கள், குறைந்த இடத்தில் கம்பிகளை எடுத்தார்கள். முகப்பில் தெரியும் ஒழுங்கற்ற கோடுகள் அலங்காரம் இல்லை. நெருக்கமான கோடுகள் இருக்கும் இடமெல்லாம் கட்டிடம் கடுமையாக உழைக்கும் இடம். பில்பாவோ மறைத்துவைத்ததைப் பெய்ஜிங் எழுதிக் காட்டுகிறது. எனக்கு இது ஒரு படி மேலாகப்படுவது அதனால்தான்.

கட்டும்போதுதான் பெரிய ஆபத்து. இணையும்வரை இரண்டும் தனித்தனிக் கோபுரங்கள், ஒன்றுக்கொன்று உதவ முடியாது. மேலே மாடி ஏற ஏற இன்னும் கொஞ்சம் சாயும் என்பதால், அந்தச் சாய்வையும் முன்கூட்டியே கணக்கிட்டு, இறுதியில் சரியான இடத்தில் வந்து நிற்கும்படி தொடக்கத்திலேயே சற்று மாற்றிக் கட்டினார்கள். இணைக்கும் நேரத்திலோ வெயில் குறுக்கே வந்தது. சூடேறிய எஃகு நீளும். வெயில் படும் பக்கம் நீண்டால் கோபுரத்தின் தலை நகரும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருக்கும்போது பூட்டிவிட்டால், அந்த இழுபறி நிரந்தரமாக எஃகுக்குள் தங்கிவிடும். ஆகவே 2007 டிசம்பரில், இரவெல்லாம் குளிர்ந்து இரண்டு கோபுரங்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருந்த அதிகாலையில் முதல் இணைப்புகளைப் பூட்டினார்கள். அதன்பிறகே மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இரண்டு கோபுரங்களும் மேலே சேர்ந்து ஒரே வளையமாக மூடியதும் பாரம் போகும் வழிகளும் கூடிவிட்டன: ஒரு பக்கம் ஏதாவது உறுப்பு பழுதானால், அது சுமந்த எடை வளையத்தைச் சுற்றி மறுபக்கமாக மண்ணுக்கு இறங்கும்.