தேயும் சுரமும் நீளும் சுரமும்: கிளாரா ஷுமானின் டிரையோவுக்குள்ளே

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தியதும் எழுகிற ஒலி, எழுந்த கணத்திலிருந்தே தேய ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் விரல் என்ன செய்தாலும் அந்தச் சுரத்தைப் பெருக்க முடியாது. வயலினும், அதைவிடப் பெரிய, கனத்த குரலுள்ள செல்லோவும் வேறு ஜாதி. வில் ஓடும்வரை சுரம் நிற்கும், வாசிப்பவர் நினைத்தால் நடுவில் வளரவும் செய்யும். இப்படி இயல்பிலேயே ஒத்துப்போகாத கருவிகளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஒன்றை ஒன்று விழுங்காமல் பேசவைப்பதுதான் பியானோ டிரையோ, அதாவது இந்த மூன்று கருவிகளும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, எழுதுபவரின் வேலை. அதை ஒலியின் இயல்பு தெரிந்து செய்தவர் கிளாரா ஷுமான்.

1819இல் லைப்சிக்கில் பிறந்தவர், பதின்வயதிலேயே ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய பியானோ கலைஞர். ஜி மைனர் டிரையோவை 1846இல் டிரெஸ்டனில் கைக்குழந்தைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டே எழுதினார். அடுத்த ஆண்டு அது ஓபஸ் 17 (படைப்பு எண் 17) என்று அச்சில் வந்தது. அதே 1847இல் இசையமைப்பாளரான கணவர் ராபர்ட் ஷுமானும் தன் முதல் டிரையோவை எழுத, அதற்குப் பக்கத்தில் தன்னுடையது பெண்தனமாக, உணர்ச்சி மிஞ்சியதாகத் தெரிகிறது என்று கிளாராவே குறித்துவைத்தார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மூன்றாவது பகுதியான, நிதான நடையில் போகும் ஆண்டாண்டேயைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

அந்தப் பகுதியில் ஒரு மெட்டைப் பியானோ தனியாகத் தொடங்குகிறது, பிறகு வயலின் வாங்கிக்கொள்கிறது, நடுவில் வேகமும் பதற்றமுமாக ஒரு பகுதி வந்து போனபின் அது செல்லோவின் கைக்குப் போகிறது. ஒரே மெட்டு, மூன்று கருவிகள். ஆய்வுக்கூடத்தில் திட்டம் போட்டுச் செய்தாலும் இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைக்காது.

முதலில் பியானோ. சுத்தியல் தந்தியைத் தொடுவது சில மில்லிநொடிதான். பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று தந்திகள் உண்டு. அடித்ததும் மூன்றும் சேர்ந்தாற்போல அதிர்ந்து ஒலிப்பலகையை ஒரே பக்கமாகத் தள்ளுவதால் ஆற்றல் மளமளவென்று வெளியேறுகிறது, ஒலியும் சட்டென்று இறங்குகிறது. மூன்றின் சுருதியிலும் மயிரிழை வித்தியாசம் இருக்குமே, அதனால் கொஞ்ச நேரத்தில் அவை முன்பின்னாகி ஒன்றின் தள்ளலை இன்னொன்று பாதி ரத்துசெய்துவிடுகிறது. மிச்ச ஆற்றல் மெதுவாகத்தான் கசியும். ஓங்கிய தொடக்கமும் மெலிந்த நீண்ட வாலும் இப்படித்தான் வருகின்றன. நம் காது தொடக்கங்களைக் கோத்துக்கொண்டுதான் மெட்டைத் தொடர்கிறது. அதனால் ஒரு சுரம் மெலிவதற்குள் மெட்டுக்கு அடியில் ஓடும் உள்குரல்களில் அடுத்த அசைவு வந்துவிட வேண்டும். பியானோ கலைஞரான கிளாராவுக்கு இது விரலிலேயே இருந்தது.

வயலின் வந்ததும் கணக்கு மாறுகிறது. ரோசின் என்ற பிசின் பூசிய வில்முடி தந்தியைப் பிடித்து இழுக்கும், இழுவை தாங்காத அளவு வந்ததும் தந்தி வழுக்கித் திரும்பும், உடனே மறுபடி பிடிபடும். பழைய மரக்கதவு கிரீச்சிடுவதும் இதே பிடித்து விடும் ஆட்டத்தால்தான். ஆனால் வயலினில் தந்தியின் நீளமும் இறுக்கமும் அந்த ஆட்டத்தைச் சீராகக் கட்டிப்போடுகின்றன. 440 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் நொடிக்கு 440 முறை பிடித்து 440 முறை வழுக்குகிறது. வில்லுக்கடியில் தந்தி இப்படி அசைவதை ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நுண்ணோக்கி வைத்துப் பார்த்து 1863இல் புத்தகமாகவே எழுதினார். ஒவ்வொரு பிடியிலும் புது ஆற்றல் ஏறுவதால் சுரம் தேய்வதே இல்லை. இனி மெட்டைத் தாங்கிப்பிடிக்கும் பொறுப்பு பியானோவுக்கு இல்லை, அது பின்னால் நகர்ந்து துணையாக இருந்தால் போதும்.

சுருதியிலும் ஒரு சிக்கல் உண்டு. அரைச்சுரத்தை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், பியானோவின் மேஜர் மூன்றாம் இடைவெளி (நான்கு அரைச்சுரத் தூரம்) 5:4 என்ற சுத்தமான விகிதத்தைவிட 14 சென்ட் அகலம். பியானோ இல்லாமல் மற்ற தந்திக் கருவிகளோடு சேர்ந்து வாசிக்கும்போது வயலின்காரரின் காது அந்தச் சுத்தமான இடத்துக்குப் போகப் பார்க்கும், பியானோ பக்கத்தில் இருந்தால் அதற்கு ஏற்பப் போக வேண்டும். ஆனால் நீண்ட சுரத்தில் பியானோ மெலிந்துவிடுகிறதே, அப்போது கொஞ்சம் விலகும் சுதந்திரம் கிடைக்கும். நல்ல கலைஞர்கள் அதை விடவே மாட்டார்கள்.

செல்லோதான் இருப்பதிலேயே கஷ்டமான ஆள். அதன் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 65 ஹெர்ட்ஸ், ஆனால் உடலுக்குள் இருக்கும் காற்று முழங்குவது 100 ஹெர்ட்ஸை ஒட்டி. அதனால் அடித்தந்தியின் அடிப்படை அதிர்வு பலவீனமாகத்தான் வெளியே வரும், மேலே இருக்கும் அதிர்வுகளை வைத்து மூளைதான் அந்தச் சுருதியைக் கட்டிக்கொள்கிறது. பியானோவின் இடது கை ஓங்கி ஒலிப்பதும் இதே பகுதியில்தான். பலமான ஒலி பக்கத்து அதிர்வெண்ணில் இருக்கும் மெல்லிய ஒலியைக் காதுக்குள்ளேயே அமுக்கிவிடும். செல்லோ மேல் தந்திகளில் பாட, பியானோ இடம் விட்டால்தான் மெட்டு நமக்கு வந்து சேரும்.

இன்னொன்று, அவர் எழுதியது இன்றைய பியானோவுக்கு அல்ல. அவருக்கு வியன்னாவின் பியானோ தயாரிப்பாளர் கான்ராட் கிராஃப் ஒரு பியானோவைப் பரிசளித்தார், பின்னாளில் அது இசையமைப்பாளர் பிராம்ஸிடம் போனது. அந்த வகைக் கருவிகளில் தந்திகளைத் தாங்கும் சட்டம் மரம், சுத்தியலில் தோல், சுரத்தின் வாலும் குட்டை. இன்றைய கச்சேரிப் பியானோவில் தந்திகளின் சுமார் 20 டன் இழுவையை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. அதே இசைக்குறிப்பை அதில் அப்படியே வாசித்தால் செல்லோ மூழ்கிவிடும். சுரத்தை நீளவிடும் பெடலைச் சிக்கனமாக மிதித்து, இடது கையை அடக்கி, சிலர் மூடியைப் பாதி மட்டும் திறந்து சமாளிக்கிறார்கள்.

முடிந்தால் பழைய வகைப் பியானோவில் வாசித்த பதிவைத் தேடிக் கேளுங்கள். கடைசிப் பகுதியில் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கருவை எடுத்துத் துரத்தும் இடம் வரும். ஒரே நேரத்தில் தொடங்கும் ஒலிகளைக் காது ஒன்றாகச் சேர்த்துவிடும், தள்ளித் தள்ளித் தொடங்கினால் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும். செல்லோவை மட்டும் குறிவைத்து அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள், மூன்று பேர் மும்முரமாக வாசிக்கும்போதும் அதன் குரல் தொலையாது.