0.15 சதவீதத்துக்கு ஓர் இடம், 4.98-க்கு ஒன்றுமில்லை

2025 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் மாலை 6 மணிக்கு வாக்குச்சாவடிகள் மூடப்பட்டபோது சென்னையில் இரவு 10.30. நாளிதழ்களில் உலகச் செய்திப் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் நேரம் அது. அந்த நேரத்தில் கைக்குக் கிடைப்பது ஓரிரு வரிகள்தான்: பழமைவாதக் கூட்டணி முதலிடம், தீவிர வலதுசாரிக் கட்சிக்கு இரண்டாமிடம், பிரீட்ரிக் மெர்ஸ் ஆட்சி அமைக்கிறார். அவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இறுதி முடிவுகள் அட்டவணையாக வந்தபோது, அதைக் கூர்ந்து பார்த்த வாசகருக்கு அச்சுப்பிழையோ என்ற சந்தேகம் வந்திருக்கும்.

பழமைவாதக் கட்சிகளான சிடியு, சிஎஸ்யு (பின்னது பவேரியா மாநிலக் கட்சி) கூட்டணி 28.5 சதவீதம், 208 இடங்கள். தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 20.8 சதவீதம், 152 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்பிடி 16.4 சதவீதம், 120 இடங்கள். பசுமைக் கட்சிக்கு 85, இடதுசாரிக் கட்சிக்கு 64. இதுவரை சீராகப் போகிறது. அடுத்து சாரா வாகன்கிநெக்ட் தொடங்கிய கட்சி: 4.98 சதவீதம், 24 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், இடம் பூஜ்யம். அதற்கும் கீழே தெற்கு ஷ்லெஸ்விக் வாக்காளர் சங்கம்: 0.15 சதவீதம், சுமார் 76 ஆயிரம் வாக்குகள், ஓர் இடம்.

வெளிநாட்டுத் தேர்தலை விளக்கும் செய்திகளில் பெரும்பாலும் நேரும் குறை இந்த இடத்தில்தான் தெரிகிறது. எண்கள் சரியாக இருக்கும், பெயர்கள் சரியாக இருக்கும். ஆனால் வாக்கு எப்படி இடமாக மாறியது என்ற நடுப்பகுதி மட்டும் காணாமல் போயிருக்கும். அந்த வெற்றிடத்தை வாசகர் தன் ஊர்த் தேர்தலைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். அவர்மேல் குற்றமில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கிய திமுக ஓரிடத்திலும் வெல்லவில்லை. சுமார் 44 சதவீதம் வாங்கிய அதிமுக 39-இல் 37 தொகுதிகளைப் பிடித்தது. தொகுதிக்குத் தொகுதி யார் முந்துகிறாரோ அவருக்கே எல்லாம் என்ற கணக்கில் வளர்ந்தவர் ஜெர்மனியின் அட்டவணையையும் அதே கண்ணோடுதான் படிப்பார். வாகன்கிநெக்டின் கட்சி எந்தத் தொகுதியிலும் முந்தவில்லை போலிருக்கிறது, அதனால்தான் பூஜ்யம் என்று முடிவு செய்துவிடுவார். கட்சி எந்தத் தொகுதியிலும் முந்தவில்லை என்பது உண்மைதான். ஆனால் பூஜ்யத்துக்கு அது மட்டும் காரணமில்லை.

நான் இதை விளக்குவதென்றால் வாக்குச்சீட்டிலிருந்துதான் தொடங்குவேன். நீளமான தாள். அதன் வலது மேல்மூலை வெட்டப்பட்டிருக்கும், அல்லது அங்கே ஒரு துளை இருக்கும். பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்துத் தாளைச் சரியான பக்கமாகப் பிடித்து, புள்ளியெழுத்துள்ள அட்டையில் செருகி, யார் துணையும் இன்றி வாக்களிப்பதற்கான ஏற்பாடு அது. தாளின் தலைப்பில் 'உங்களுக்கு 2 வாக்குகள்' என்று இருக்கும். இடப்பக்கம் கறுப்பு மையில் தொகுதி வேட்பாளர்களின் பெயர், தொழில், கட்சி. வலப்பக்கம் நீல மையில் கட்சிகளின் பெயர், ஒவ்வொன்றின் கீழும் அந்த மாநிலத்தில் கட்சி தரும் வேட்பாளர் பட்டியலின் முதல் ஐந்து பெயர்கள். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம். இரண்டிலும் ஒவ்வொரு பெருக்கல் குறி.

இடப்பக்கத்துக்கு முதல் வாக்கு என்று பெயர், வலப்பக்கத்துக்கு இரண்டாம் வாக்கு என்று பெயர். பல செய்திகள் 'முதல் வாக்கு வேட்பாளருக்கு, இரண்டாம் வாக்கு கட்சிக்கு' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. படிப்பவர் மனத்தில் முதல் என்றால் முக்கியம், இரண்டாவது என்றால் உபரி என்று பதிந்துவிடும். நடைமுறை நேர்மாறு. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது இரண்டாம் வாக்குதான். கட்சிகளுக்கிடையே இடங்களைப் பங்கிடுவதைத் தீர்மானிக்கும் வாக்கு இது என்று நீல மைப் பக்கத்திலேயே ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். ஜெர்மனியிலேயே இந்தக் குழப்பம் இருப்பதால், 2023 சீர்திருத்தத்தின்போது அதற்கு 'முதன்மை வாக்கு' என்று பெயர் மாற்ற யோசித்தார்கள், பிறகு கைவிட்டார்கள். மொழிபெயர்க்கும் நமக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. கட்சி வாக்கு, தொகுதி வாக்கு என்று எழுதினால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இனி கணக்கு. மொத்தம் 630 இடங்கள். நாடு முழுவதும் 5 சதவீதக் கட்சி வாக்கு வாங்காத கட்சிகள் முதலில் கழிக்கப்படும். மூன்று தொகுதிகளில் நேரடியாக வென்ற கட்சிக்கு விலக்கு உண்டு. 2021-இல் 4.9 சதவீதம் மட்டுமே வாங்கிய இடதுசாரிக் கட்சி அந்த வழியாகத்தான் 39 இடங்களுடன் உள்ளே வந்தது. தேசியச் சிறுபான்மையினரின் கட்சிகளுக்கும் விலக்கு உண்டு. டென்மார்க் எல்லையை ஒட்டி வாழும் டேனிஷ் மக்களின் கட்சிதான் தெற்கு ஷ்லெஸ்விக் சங்கம்; 0.15 சதவீதத்துக்கு ஓரிடம் கிடைத்த கதை அதுதான்.

மீதமுள்ள கட்சிகளுக்குப் பங்கிடும் முறைக்கு செயின்ட்-லாகு முறை என்று பெயர். ஆந்த்ரே செயின்ட்-லாகு ஒரு பிரெஞ்சுக் கணித அறிஞர். பெயர் மிரட்டினாலும் வகுத்தல் தெரிந்த எவரும் தாளும் பென்சிலும் கொண்டு செய்துவிடலாம். ஒரு சிறு கற்பனைத் தேர்தல்: 10 இடங்கள், 10,000 வாக்குகள். அ கட்சிக்கு 5,400, ஆ கட்சிக்கு 3,400, இ கட்சிக்கு 1,200. ஓரிடத்துக்கு ஆயிரம் வாக்கு என்று வைத்து வகுத்தால் 5.4, 3.4, 1.2. அரைக்குக் கீழ் இருந்தால் கீழே, மேல் இருந்தால் மேலே என்று முழு எண்ணாக்கினால் 5, 3, 1. கூட்டினால் ஒன்பதுதான். ஓரிடம் மிஞ்சுகிறது.

மிஞ்சியதை யாருக்குக் கொடுப்பது என்று இங்கே யாரும் பேரம் பேசுவதில்லை, குலுக்கல் போடுவதும் இல்லை. வகுக்கும் எண்ணைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். 980-ஆல் வகுத்துப் பாருங்கள்: 5.51, 3.47, 1.22. முழு எண்ணாக்கினால் 6, 3, 1. பத்தும் நிரம்பிவிட்டது. கூட்டுத்தொகை கூடினால் வகுக்கும் எண்ணை ஏற்ற வேண்டும், குறைந்தால் இறக்க வேண்டும். தராசில் படிக்கல்லை மாற்றிப் பார்ப்பதைப் போன்ற வேலை. எல்லாக் கட்சிக்கும் ஒரே படிக்கல் என்பதில்தான் இந்த முறையின் நியாயம் இருக்கிறது. 2025-இல் அந்தப் படிக்கல் சுமார் 68 ஆயிரம் வாக்குகள். டேனிஷ் கட்சியின் 76 ஆயிரத்தை அதனால் வகுத்தால் ஒன்றுக்குச் சற்று மேல். எனவே ஓரிடம்.

இப்போது 4.98-க்கு வருவோம். விலக்கு இல்லாமல் 5 சதவீதத்துக்குக் கீழே நின்ற கட்சிகள் எல்லாம் சேர்ந்து வாங்கியது கிட்டத்தட்ட 14 சதவீதம். அந்த வாக்குகள் பங்கீட்டுக்குள் வரவே இல்லை. மீதி 86 சதவீதம்தான் 630 இடங்களையும் பகிர்ந்துகொண்டது. அதனால்தான் சிடியு, சிஎஸ்யு, எஸ்பிடி சேர்ந்து 44.9 சதவீத வாக்குக்கு 328 இடங்களைப் பெற்றன. பெரும்பான்மைக்கு வேண்டியது 316. வாகன்கிநெக்டின் கட்சி 5 சதவீத எல்லைக்கோட்டைத் தொடாமல் நின்றது பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில். தொட்டிருந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் அதற்குப் போயிருக்கும், மற்ற எல்லாருடைய பங்கும் சுருங்கியிருக்கும், அந்த இரு கட்சிக் கூட்டணி 316-ஐ எட்டியிருக்காது. அன்றைய தேர்தலின் பெரிய செய்தி என்று நான் கருதுவது இதைத்தான். வெளிநாட்டுப் பத்திரிகைகளின் முதல் நாள் தலைப்பில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. பூஜ்யம் வாங்கிய கட்சியைத் தலைப்பில் வைக்க யாருக்கும் தோன்றாது.

நம் வாசகருக்கு இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. தொகுதியில் வென்றவர் நாடாளுமன்றத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? 2025-இல் 23 பேருக்கு அப்படி நேர்ந்தது. பவேரியா மாநிலத்தைப் பாருங்கள். 47 தொகுதிகள், நாற்பத்தேழிலும் சிஎஸ்யு வேட்பாளர்களே முதலிடம். ஆனால் கட்சி வாக்கின்படி அக்கட்சிக்கு உரியது 44 இடங்கள். ஆகவே, முதலிடம் வந்தவர்களிலேயே மிகக் குறைந்த சதவீதம் வாங்கிய மூவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆக்ஸ்பர்க் நகரத் தொகுதியில் முதலில் வந்தவர் அவர்களில் ஒருவர்.

முன்பு இப்படி விட்டதில்லை. தொகுதியில் வென்றவர் எல்லாரும் உள்ளே போனார்கள். அதனால் ஒரு கட்சிக்குக் கூடுதல் இடம் சேர்ந்தால், விகிதம் கெடாமலிருக்க மற்ற கட்சிகளுக்கும் கூடுதல் இடம் கொடுத்தார்கள். 598 பேர் இருக்க வேண்டிய அவை 2021-இல் 736 பேராக வீங்கிவிட்டது. அதைத் தடுக்கத்தான் 2023-இல் 630 என்று எண்ணிக்கையைப் பூட்டினார்கள். பூட்டியதன் விலை அந்த 23 தொகுதிகள். இந்த ஏற்பாடு எனக்கு முழு மனநிறைவு தரவில்லை. தாங்கள் முதலிடத்தில் நிறுத்தியவர் வீட்டிலேயே இருப்பதை அந்தத் தொகுதி மக்கள் எப்படி ஏற்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 'வென்றும் பதவி பறிப்பு' என்று எழுதினால் ஏதோ மோசடி நடந்தது போலாகிவிடும். புதிய சட்டப்படி, தொகுதியில் முதலிடம் வருவதோடு அந்த இடத்துக்குக் கட்சி வாக்கின் ஆதரவும் இருந்தால்தான் அது வெற்றி. வெற்றி என்ற சொல்லுக்கே அங்கே பொருள் மாறிவிட்டது.

சொற்கள் செய்யும் குழப்பம் இதோடு நிற்பதில்லை. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் 'தொங்கு நாடாளுமன்றம்' என்று எழுதுவது நம் வழக்கம். அதில் ஒரு விபத்தின் தொனி இருக்கிறது. 1949 முதல் ஜெர்மனியில் தனிப் பெரும்பான்மை கிடைத்தது ஒரே ஒரு முறை, 1957-இல் சிடியு, சிஎஸ்யு அணிக்கு. மற்ற எல்லாத் தேர்தலும் நம் சொல்லின்படி 'தொங்கியவை'; அவர்களுக்கோ அதுதான் வழக்கமான தேர்தல் முடிவு.

ஒரே தமிழ்க் கட்டுரை இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகப் படிக்கப்படும் என்பதையும் எழுதுபவர் நினைவில் வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வாசகருக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் புதிதல்ல. 1989 முதல் இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் அப்படித்தான் நடக்கிறது. தேர்தல் மாவட்டம், விருப்பு வாக்கு, தேசியப் பட்டியல், மாவட்டத்தில் 5 சதவீத வெட்டுப்புள்ளி எல்லாம் அவருக்குப் பழகிய சொற்கள். சென்னை வாசகருக்கு மூன்று பத்தி எழுதி விளக்க வேண்டியதை அவருக்கு 'நம்முடைய தேசியப் பட்டியல் போல' என்ற தொடக்கத்தில் புரியவைத்துவிடலாம். தமிழில் இதற்கான சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாக அவற்றைத் தீட்டி வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுச் செய்தி மேசைகள் அவற்றை எடுத்து ஆள வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

கடைசியாக 'அதிபர்' என்ற சொல். ஜெர்மனியின் சான்சலரை, அதாவது அரசாங்கத்தின் தலைவரை, நம் செய்திகள் சில நேரம் அதிபர் என்றும் சில நேரம் பிரதமர் என்றும் எழுதுகின்றன. ஜெர்மனிக்குத் தனியே ஒரு குடியரசுத் தலைவர் இருக்கிறார், பிராங்க்-வால்டர் ஸ்டைன்மையர். சான்சலரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றம் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. பிப்ரவரி 24 காலையில் 'ஜெர்மனியின் புதிய அதிபர்' என்று படித்தவர், 72 நாட்கள் கழித்து வேறொரு செய்தியைப் படித்தார். மே 6 அன்று நடந்த முதல் சுற்றில் மெர்ஸுக்குக் கிடைத்தது 310 வாக்குகள், வேண்டியது 316. கூட்டணியின் கையில் இருந்ததோ 328. குறைந்தது 18 பேர் அவருக்கு வாக்களிக்கவில்லை, யார் என்று தெரியாது. அன்று பிற்பகல் இரண்டாம் சுற்றில் 325 வாக்குகள் பெற்ற பிறகே அவர் சான்சலரானார்.