மினஸ்ட்ரோனி சாறு அல்ல

மரக்கறித் துண்டுகளோடு சமைக்கும் இத்தாலிய சூப்பான மினஸ்ட்ரோனியை "மரக்கறிச் சாறு" என்று எழுதியிருப்பதை இந்த ஆண்டில் நான்காவது தடவையாகப் பார்த்துவிட்டேன். முதல் மூன்றும் கொழும்பு உணவகங்களின் உணவுப் பட்டியல்கள். பொறுத்துக்கொண்டேன். நான்காவது, வெள்ளவத்தையில் என் மச்சாள் வாங்கிய, சூப் அவிக்கும் மின் இயந்திரமான சூப் மேக்கரோடு வந்த தமிழ்க் கையேடு. அதிலே இயந்திரத்தின் பெயரே "சாறு இயந்திரம்". பெட்டியில் ஒட்டியிருந்ததை வாசித்த மாமி, பழம் பிழிய வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார். தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். குற்றம் மாமியுடையது அல்ல.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மொழியில் மினஸ்ட்ராரே என்றால் பரிமாறுதல். இலத்தீனில் மினிஸ்டர் என்றால் ஏவலாள். அமைச்சரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்து வந்ததே. பரிமாறப்படுவது மினஸ்ட்ரா. அதன் வாலில் "ஓனே" என்ற பெருமை விகுதி சேர்ந்தால் மினஸ்ட்ரோனே, அதாவது பெரிய மினஸ்ட்ரா. பனெத்தோனே என்ற கிறிஸ்மஸ் கேக்கின் வாலில் இருப்பதும் இதே விகுதி. ஆங்கில வாய்வழி வந்ததால் நாம் மினஸ்ட்ரோனி என்கிறோம், அது சரி. ஆனால் "மினிஸ்ட்ரோன்" என்று கடைசி உயிரைத் துண்டித்து எழுதுவது விகுதியைக் குறையாக விடுவதாகும்.

இனி "சாறு". சாறு நல்ல தமிழ்ச் சொல். ரசம் வடமொழி, சாறே தமிழ் என்று தூய தமிழ் அன்பர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கன்னடர் இன்றும் ரசத்தைச் சாறு என்கிறார்கள், தெலுங்கர் சாரு என்கிறார்கள். ரசத்துக்கு அந்தச் சொல்லை மீட்டெடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக மீட்கட்டும், நானும் கூட நிற்பேன். ஆனால் சாறு என்றால் என்ன? பிழிந்தோ, இடித்தோ, வடித்தோ எடுக்கப்படுவது. சக்கை போனபின் மிஞ்சுவது. தேசிக்காய்ச் சாறு, கரும்புச் சாறு, இஞ்சிச் சாறு, எதை எடுத்தாலும் துண்டு கிடக்காது. மினஸ்ட்ரோனியில் துண்டுதான் உணவு, நீர் அதற்குத் துணை. வெங்காயம், கரட், செலரி, தக்காளி, அவரை விதை, கடைசியில் சிறிய பாஸ்தாவோ அரிசியோ. மிலானோவில் அரிசி போடுகிறார்கள், ஜெனோவாவில் துளசி இனத்து இலையை அரைத்த பெஸ்தோவைக் கலக்கிறார்கள். இன்னதுதான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பருவத்தில் கிடைப்பது பானைக்குள் போகும். எது மாறினாலும் கரண்டியில் ஏறுவது துண்டுதான். அதைச் சாறு என்பது சோற்றை வடிகஞ்சி என்பதற்குச் சமம்.

இந்தப் பிழைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. நம் மிளகுத்தண்ணீரை வெள்ளைக்காரர்கள் தங்கள் மேசைக்குக் கொண்டுபோய், இறைச்சியும் சோறும் சேர்த்து, மல்லிகடானி என்ற சூப் ஆக்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து சூப் என்றால் ரசம், ரசம் என்றால் சாறு என்று ஒரு குறுக்குப் பாதை மொழிபெயர்ப்பாளர்களின் தலைக்குள் விழுந்துவிட்டது போலும். ஆனால் அவர்கள் நம் பெயரைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாக்கு வளைந்த அளவுக்கு மிளகுத்தண்ணீர் என்றே சொன்னார்கள். இத்தாலியனின் பெயரை அப்படி வைத்துக்கொள்வதில் நமக்கு மட்டும் என்ன குறை? போர்த்துக்கேயரிடமிருந்து பாண், கோவா என்ற சொற்களையும், ஒல்லாந்தரிடமிருந்து போஞ்சி என்ற சொல்லையும் எடுத்துக்கொண்ட மொழி இது. அந்தச் சொற்களால் நம் தமிழ் மெலிந்துபோகவில்லை.

கையேட்டுக்கு வருகிறேன், என் கோபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இந்த இயந்திரம் அடியில் சூடேற்றியும் மூடியில் மோட்டாரும் கத்தியும் உள்ள பெரிய கூசா, அதாவது சாடி. அநேகமானவற்றில் இரண்டு முக்கிய பொத்தான்கள் இருக்கும். ஒன்று அவித்து மசித்துத் தரும். மற்றது துண்டுகளை அப்படியே விட்டு அவிக்கும், கத்தி அரைக்காது. கையேடு முதலாவதை "மென்மை" என்றும் இரண்டாவதை "கட்டி" என்றும் பெயர்த்திருந்தது. நம் அடுக்களையில் கட்டி என்றால் தடிப்பு: கட்டித் தயிர், கட்டிப் பால். மச்சாளுக்கு நீர்த்தன்மையாக வேண்டும், ஆகவே "மென்மை"யை அழுத்தினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூடியைத் திறந்தால், ஒரே அளவாக வெட்டிப் போட்ட கரட்டும் உருளைக்கிழங்கும் போஞ்சியும் செம்மஞ்சள் களியாகக் கிடந்தன. மக்கரோனி அதற்குள் பசையாகிவிட்டிருந்தது. தடிப்பு வேண்டாம் என்று அழுத்திய பொத்தானே தடிப்பைத் தந்தது. "மசித்தது", "துண்டுகளுடன்" என்று எழுத எத்தனை எழுத்து கூடியிருக்கும்? மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்தார், அடுப்படியில் ஒருவரைக் கேட்கவில்லை. 1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. பொதியில் தமிழ் இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பெற்ற இடத்தில் இப்படி ஒரு தமிழைக் காணும்போது மனம் நோகிறது. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பார்த்துப் பொத்தானை அழுத்தப் பழகிவிட்டால், தமிழ் வரிகளை யார் வாசிக்கப்போகிறார்கள்?

அடுத்த ஞாயிறு நானே போய் நின்றேன். முதல்நாள் இரவு ஊறவைத்த கௌபியைத் தனியாக நன்றாக அவித்து எடுத்தோம். உலர்ந்த பயறு இனங்களுக்கு இந்த இயந்திரத்தின் நேரம் போதாது. அமெரிக்காவிலிருந்து இன்றைய அவரை வகைகள் வரும்முன் இத்தாலியர் தின்றதும் இந்தக் கௌபியின் இனம்தான், ஆகவே அது கலப்படம் அல்ல. மக்கரோனியையும் தனியே அவித்துக் கடைசியில் சேர்த்தோம், இல்லாவிட்டால் அடியில் பிடிக்கும். இம்முறை சரியான பொத்தான். மாமி கிண்ணத்தைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "இது கூழ் அல்லவா, பிள்ளை?" என்றார்.

நான் தேடிய சொல் அதுதான். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழை நினைத்துப் பாருங்கள். பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, கொஞ்சம் அரிசி, தடிப்புக்கு உலர்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, எல்லாம் ஒரே பானையில், எல்லாம் துண்டு தெரிய. மினஸ்ட்ரோனியில் மீனும் நண்டும் இல்லாத குறைதான். தமிழகத்தில் கூழ் என்றால் கேழ்வரகுக் கூழ் நினைவுக்கு வரும், நமக்கே ஆடிக்கூழ் இனிப்பு, ஆகவே வெறும் கூழ் என்று எழுதினால் குழப்பம் வரும். அதனால் பெயராக மினஸ்ட்ரோனி, விளக்கமாக இத்தாலிய மரக்கறிக் கூழ் என்று எழுதலாம் என்பது என் முடிவு. இயந்திரத்துக்கு சூப் மேக்கர் என்பதே போதும்.

மச்சாள் இரண்டு காகிதத் துண்டில் "மசித்தது", "துண்டு" என்று எழுதிப் பொத்தான்களின் மேல் ஒட்டியிருக்கிறாள். கையேடு அலுமாரியில் கிடக்கிறது.