‘பொருளற்ற ஓவியம்’ அன்று, காண்பொருள் சாரா ஓவியம்

ரஷ்ய ஓவியர் லியுபோவ் போப்போவாவை (1889–1924) மாணவர்களுக்கு அறிமுகம் செய்யும் தமிழ்க் குறிப்புகளில், கண்ணால் காணும் வஸ்து எதையும் சித்திரிக்காமல் 1916 முதல் அவர் வரைந்த ஓவியங்களுக்குப் ‘பொருளற்ற ஓவியம்’ என்ற பெயரே திரும்பத் திரும்பச் சூட்டப்படுகிறது. இதைப் பிழையான மொழிபெயர்ப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது; ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்பே மாணவரின் மனத்தில் அதைப் பற்றிய தவறான தீர்ப்பொன்றை அது எழுதிவிடுகிறது.

ரஷ்ய மூலச்சொல் ‘பெஸ்ப்ரெத்மேத்னொயே’. ‘பெஸ்’ என்பது ‘இன்றி’ என்னும் பொருளுடைய முன்னொட்டு. ‘ப்ரெத்மேத்’ என்பது பண்டம், வஸ்து. இந்த ‘ப்ரெத்மேத்’ லத்தீனின் ‘ஒப்ஜெக்தும்’ என்ற சொல்லைப் பின்பற்றிப் போலிஷ் மொழியில் ஆக்கப்பட்டு ரஷ்யத்துக்கு வந்தது. அதன் வேர்ப்பொருள் ‘முன்னே எறியப்பட்டது’, அதாவது நம் கண்முன் நிற்பது. 1919இல் மாஸ்கோவில் நடந்த பத்தாவது அரசுக் கண்காட்சியின் பெயரிலேயே இச்சொல் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் ‘நான்-அப்ஜெக்டிவ்’ (non-objective) ஆன அது, 1939இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட ஓர் அருங்காட்சியகத்தின் பெயரிலும் ஏறியது. பின்னாளில் குகன்ஹைம் என்று பெயர் மாறிய அருங்காட்சியகம் அதுதான்.

‘பொருளற்ற’ என்பதை ஆதரிப்போர், பொருட்பெயர், இடப்பெயர் என்று இலக்கணம் பிரிக்கும்போது ‘பொருள்’ என்பது வஸ்துவைத்தானே குறிக்கிறது என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஒரு சொல்லின் பொருளை அதனோடு சேர்ந்து வரும் சொல்லும் தீர்மானிக்கிறது. ‘பொருளற்ற பேச்சு’, ‘பொருளற்ற கூச்சல்’ என்று வழங்கும் மொழியில், ‘பொருள்’ என்பதோடு ‘அற்ற’ சேர்ந்த உடனே வஸ்து மறைந்துவிடுகிறது. அர்த்தமில்லாதது என்ற கருத்து ஒன்றே எஞ்சுகிறது. நவீன ஓவியத்தின் முன் ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று தயங்கி நிற்கும் பதினேழு வயது மாணவருக்கு, ‘அர்த்தமே கிடையாது’ என்று ஆசிரியரே எழுதிக் கொடுப்பது எந்த வகையில் அறிமுகம் ஆகும்?

போப்போவா தம் ஓவியத்தை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்குச் சான்று உண்டு. மேற்சொன்ன 1919ஆம் ஆண்டுக் கண்காட்சியின் பட்டியலில் அவர் எழுதிய குறிப்பு, கூட்டல் குறி, கழித்தல் குறி என இரு பகுதிகளாக அமைந்தது. கூட்டல் குறியின் கீழ், ஓவியம் எதனால் ஆவது என்பதற்கு வெளி, கோடு, நிறம், ஆற்றல், மேற்பரப்பின் தன்மை ஆகியவற்றை வரிசைப்படுத்தினார். கழித்தல் குறியின் கீழ், ஓவியம் ஆகாதவை என்று மாயத்தோற்றம், இலக்கியத்தன்மை, உணர்ச்சி, இன்னதென்று அடையாளம் காணுதல் ஆகியவற்றை ஒதுக்கினார். அவர் விலக்கியது அர்த்தத்தை அன்று. ‘இது வயலின், இது பெண்’ என்று கண்டுகொள்ளும் பழக்கத்தையே விலக்கினார். 1915இல் அவர் வரைந்த வயலினில் அந்தக் கருவியின் வளைவுகள் உடைபட்டும் நமக்கு அகப்படுகின்றன. அடுத்த ஆண்டு தொடங்கும் ‘ஓவியக் கட்டமைவு’ வரிசையிலோ ஒன்றையொன்று ஊடறுத்துச் சாயும் நிறத்தளங்கள் வேறு எதற்கும் பிரதியாக நிற்பதில்லை. அவை அவையாகவே இருக்கின்றன. (இவ்வரிசையின் பெயரைக் ‘கட்டடக்கலை ஓவியம்’ என்று பெயர்ப்போரும் உண்டு. அதைப் படித்த மாணவர் படத்தில் கட்டடத்தைத் தேடினால் குற்றம் அவருடையதன்று.)

பொருள் என்பதை மூலப்பொருள் என்று கொண்டாலும் ‘பொருளற்ற’ பொருந்தாது. 1921இல் அவர் ஒட்டுப்பலகையின் மேல், எண்ணெய் வண்ணத்தோடு மரத்தூளையும் கலந்து தீட்டினார். பலகையும் தூளும் வண்ணமும் இவ்வளவு வெளிப்படையாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும் ஓவியத்தைப் பொருளற்றது என்று எப்படிச் சொல்வது?

பொதுவழக்கில் உள்ள ‘அரூப ஓவியம்’ இதைவிட மேலானது என்று நினைப்போர் பலர். எனக்கு அதில் இரண்டு மறுப்புகள் உண்டு. அரூபம் என்றால் உருவமற்றது. போப்போவாவின் படங்களிலோ முக்கோணமும் நாற்கரமும் வில்வளைவும் கத்தியால் நறுக்கியதுபோல் விளிம்பு துலங்க நிற்கின்றன. அடுத்து, அருவம், உருவம், அருவுருவம் என்ற பகுப்பு சைவ சித்தாந்தத்தில் இறைநிலையைக் குறிக்க வழங்குவது. அந்தச் சாயல் ஒட்டிக்கொண்ட சொல் ஓவியத்தைத் தேவையில்லாமல் மறைபொருள் ஆக்கிவிடுகிறது. தவிரவும், கண்ட பொருளிலிருந்து தொடங்கி அதைச் சுருக்கிச் செல்லும் ஓவியத்துக்கும், பொருளிலிருந்து தொடங்காமலே எழும் ஓவியத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒற்றைச் சொல் அழித்துவிடுகிறது. போப்போவாவின் 1915க்கும் 1916க்கும் இடையே நடந்தது அந்த வேறுபாடுதான்.

எல்லாவற்றிலும் கொடியது ‘நோக்கமற்ற ஓவியம்’. ஆங்கிலச் சொல்லில் ‘அப்ஜெக்டிவ்’ என்பதைக் கண்டதும் அகராதியைத் திறந்து முதலில் அகப்பட்ட ‘நோக்கம்’ என்பதை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. ரஷ்யச் சொல்லில் நோக்கம் என்ற கருத்துக்கு இடமே இல்லை. ஓவியத்தைவிட்டு மாஸ்கோவின் துணி அச்சு ஆலைக்குச் சென்று, மக்கள் அன்றாடம் உடுத்தும் துணிக்கு வடிவங்கள் வரைந்த ஒருவரை நோக்கமற்றவர் வரிசையில் நிறுத்துவது அநீதி. ரஷ்யக் கலையைப் பற்றி எழுதுகிறவர், ஆங்கிலத்தின் வழியாக வந்த சொல்லாயினும், அதன் மூலத்தை ஒருமுறையேனும் தேடிப் பார்க்கக் கடமைப்பட்டவர். மூலமொழி தெரியாதது குற்றமன்று. கேட்டறியாமல் அச்சுக்கு அனுப்புவதே குற்றம்.

நான் பரிந்துரைப்பது ‘காண்பொருள் சாரா ஓவியம்’. ‘காண்பொருள்’ என்ற வினைத்தொகை, கண்ணுக்கு எதிரே நிற்கும் வஸ்துவையே சுட்டும்; அர்த்தம் என்ற மற்றப் பொருள் அதில் நுழைய வழியில்லை. ‘கண்முன் நிற்பது’ என்ற வேர்க்கருத்தும் அதில் காக்கப்படுகிறது. ‘சாரா’ என்ற எதிர்மறை ‘அரசு சாரா நிறுவனம்’ என்ற வழக்கால் எல்லோருக்கும் பழகியது. அது இல்லாமையைச் சொல்லாமல், ஒன்றைச் சார்ந்து நில்லாத தன்மையைச் சொல்கிறது. கோட்பாட்டின் பெயராக வேண்டுமிடத்தில் ‘காண்பொருள் சாராமை’ எனலாம். நீளமாக இருக்கிறது என்பார்கள். ரஷ்யச் சொல்லும் நீளமானதுதான், அதை மாஸ்கோவில் ஒரு கண்காட்சியின் தலைப்பிலேயே தயங்காமல் வைத்தார்கள்.