விமானம் மாயமாகல, விமானத்தைக் காணோம்

நேத்து ராத்திரி பெர்முடா முக்கோணம் பத்தி, அதான் கப்பலும் விமானமும் காணாமப் போறதா கதை சொல்ற அட்லாண்டிக் கடல் பகுதி பத்தி, தமிழ்ல ஒரு வீடியோ பாத்தேன். "மாயமானது", "மாயமாகிப் போனது", "மாயமாய் மறைந்தது"ன்னு எத்தனை தடவைதான் சொல்லுவாங்கன்னு எண்ண ஆரம்பிச்சு இருபதத் தாண்டினதும் விட்டுட்டேன். வீடியோ போடறவங்கள மட்டும் சொல்லிப் பயனில்ல, பேப்பர்லயும் அதேதான், படகு திரும்பலன்னா "மீனவர்கள் மாயம்", விமானம் ரேடார்ல தெரியலன்னா "விமானம் மாயம்", ஸ்கூல் போன புள்ள வீட்டுக்கு வரலன்னா "மாணவி மாயம்". இங்கிலீஷ்ல 'மிஸ்ஸிங்'ங்கறது ரொம்ப சாதாரண சொல், இருக்க வேண்டிய இடத்துல இல்ல, அவ்ளோதான். அதுல மந்திரமும் இல்ல தந்திரமும் இல்ல.

சொல்லோட பிறப்பை சுருக்கமா சொல்லிடறேன். மாயாங்கற வடசொல்லுலேருந்து வந்ததுன்னு ஒரு பக்கம், மாய்ங்கற தமிழ் வினையிலேருந்து வந்ததுன்னு இன்னொரு பக்கம். எப்படி வந்திருந்தாலும் நம்ம புழக்கத்துல அதோட பொருள் வஞ்சனை, பொய்த்தோற்றம். 918ஆம் குறள்ல வர்ற "மாய மகளிர்" ஏமாத்தற பெண்கள். மாயமான், மாயாஜாலம், மாயவித்தை எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

இப்ப மாயமானையே எடுத்துக்குங்க. சீதை கண்ணுக்குப் பொன்மான் தெரிஞ்சுது, ஆனா அங்க மானே இல்ல, இருந்தது மாரீசன். அதாவது இல்லாதது இருக்கற மாதிரி தெரியறதுதான் மாயம். கடல்ல விழுந்த விமானம் இதுக்கு நேர் எதிர், அது எங்கயோ இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியல. ஒரு பொருளுக்கு அதோட எதிர்ப்பொருள் தர்ற சொல்லைப் போட்டுட்டு அதைத் தமிழாக்கம்னு சொல்றோம்.

இத சொன்னா உடனே ஒரு பதில் வரும், "மாய்தல்னாலே மறைதல்தான், அதனால மாயம்னா மறைஞ்சு போனதுன்னு அர்த்தம், சுத்தமான தமிழ், உனக்கு என்ன பிரச்சனை"ன்னு. சரி, அந்த வழியிலயே போய்ப் பாப்போம். மாய்தலுக்கு மறைதல்னும் பொருள் உண்டு, மறுக்கல, ஆனா இன்னிக்கு மாய்ங்கற வினைய எங்க பயன்படுத்தறோம்? "உயிரை மாய்த்துக்கொண்டார்"னு அதே பேப்பர்ல அதே பக்கத்துலதானே வருது. அப்ப "மீனவர்கள் மாயம்"னா மீனவங்க செத்துட்டாங்கன்னா? புருஷன் திரும்பி வருவான்னு கரையில நிக்கற பொண்ணு படிக்கற பேப்பர்ல இப்படி எழுதலாமா? வடசொல்லுன்னு எடுத்தா பொய்த்தோற்றம், தமிழ்ச்சொல்லுன்னு எடுத்தா சாவு, ரெண்டுமே நடந்தத சொல்லல. சொல்லு நம்ம சொல்லாங்கறது முக்கியம்தான், எனக்கும் அதுல அக்கறை உண்டு, ஆனா பொருள் தப்பாயிட்டா சுத்தத்த வெச்சுகிட்டு என்ன செய்யறது.

இன்னொரு சமாதானம் தலைப்புல இடம் பத்தாதுங்கறது, "காணாமல் போனது" நீளம், "மாயம்" மூணே எழுத்து. "காணோம்" எத்தனை எழுத்து? அதுவும் மூணுதான்! வீட்ல சாவி இல்லன்னா சாவியக் காணோம்னுதான் சொல்றோம், சாவி மாயம்னு யாரும் சொல்றதில்ல. புள்ளையத் தொலைச்ச அப்பா அம்மா செவுத்துல ஒட்டற நோட்டீஸ்ல "காணவில்லை"ன்னுதான் இருக்கும். தேடறவங்க பயன்படுத்தற சொல் அது, கண்டா சொல்லுங்கன்னு கேக்கற சொல். மாயம்னு சொன்னா தேடறதுக்கு அங்க ஒண்ணுமே மிச்சம் இல்ல.

பெர்முடா கதைகள்ல இந்தச் சொல் செய்யற கெடுதல் அதுதான். 1945 டிசம்பர் 5 அன்னிக்கு ஃப்ளோரிடாவுல ஃபோர்ட் லாடர்டேல்லேருந்து பயிற்சிக்குக் கெளம்பின அஞ்சு அமெரிக்க கடற்படை விமானம், 14 பேர், திரும்பி வரல. தலைவரா போன சார்லஸ் டெய்லர் திசைகாட்டி ரெண்டும் வேலை செய்யலன்னு ரேடியோவுல சொல்லியிருக்காரு, ஃப்ளோரிடாவுக்குக் கிழக்க இருக்கற பஹாமாஸ் தீவுகள் பக்கத்துல பறந்துகிட்டு, ஃப்ளோரிடாவுக்குத் தென்மேற்க இருக்கற ஃப்ளோரிடா கீஸ் தீவுகள் மேல இருக்கறதா நெனச்சிருக்காரு, கரை இந்தப் பக்கம்னு வடகிழக்க பறந்தா கரை இன்னும் தூரமாத்தானே போகும். இருட்டிருச்சு, கடல் கொந்தளிப்பு, எரிபொருள் தீந்துபோற நேரம். தேடப் போன மரைனர் விமானமும் 13 பேரோட திரும்பல, வானத்துல தீயப் பாத்ததா கேய்ன்ஸ் மில்ஸ்ங்கற கப்பல்லேருந்து தகவல் வந்துச்சு. இவ்வளவும் பதிவுல இருக்கு. முதல்ல டெய்லர் மேல விழுந்த பழிய குடும்பத்தார் ஏத்துக்காததால கடற்படை பின்னாடி "காரணம் தெரியவில்லை"ன்னு மாத்தி எழுதுச்சு. அத நம்ம மொழிபெயர்ப்பாளர்கள் "எந்தக் காரணமும் இன்றி மாயமாகின"ன்னு ஆக்கிட்டாங்க. காரணம் தெரியலங்கறதும் காரணமே இல்லங்கறதும் ஒண்ணா? விளக்கப்படாததுன்னு எழுத வேண்டிய எடத்துல விளக்கவே முடியாததுன்னு எழுதறதும் இதே நோய்தான். மூலத்துல இல்லாத பேயை மொழிபெயர்ப்புல கொண்டுவந்து உக்கார வெக்கறாங்க.

நம்ம ஊர்லயே நடந்துச்சே. 2016 ஜூலை 22 காலையில தாம்பரத்துலேருந்து போர்ட் பிளேருக்குப் போன விமானப்படை ஏஎன்-32, 29 பேர். அன்னிலேருந்து வருஷக்கணக்கா "மாயமான விமானம்"தான் அதுக்குப் பேரு. சென்னையில இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தோட ஆளில்லா நீர்மூழ்கி வங்கக்கடல்ல 3,400 மீட்டர் ஆழத்துல அதோட உடைஞ்ச பாகங்களப் படம் எடுத்துச்சுன்னு 2024 ஜனவரியில அறிவிச்சாங்க. ஏழரை வருஷமா அது அங்கயேதான் கெடந்திருக்கு. அந்த அறிவிப்பு வந்த அன்னிக்கும் "மாயமான விமானம் கண்டுபிடிப்பு"ன்னு படிச்சப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

சொல்லத் தேர்ந்தெடுக்கறது சின்ன விஷயம்னு நெனக்கறவங்க ஈழத்துத் தாய்மாரைப் பாக்கணும். காணாமல் போனோர்ங்கற சொல்லே தப்பு, தானா போகல, "காணாமல் ஆக்கப்பட்டோர்"னு சொல்லுங்கன்னு அவங்க கேட்டாங்க. போனது, ஆக்கப்பட்டது, இந்த ஒரு வினையிலதான் யார் பொறுப்புங்கற கேள்வியே இருக்கு. "மாயம்"ல அந்தக் கேள்விக்கு எடமே கிடையாது.

அதனால நான் எழுதறது இப்படித்தான்: தலைப்புல "காணோம்", செய்திக்குள்ள "காணாமல் போனது", ரேடார்லேருந்து போனா "தொடர்பு அறுந்தது", உடைஞ்சது கெடச்சிருச்சுன்னா "விழுந்தது", "மூழ்கியது". படகுக்கு புதுசா எதுவும் உருவாக்கவே வேணாம், கடற்கரை ஊர்ல ஏற்கனவே இருக்கு: "கரை திரும்பல".