"அது உங்க பாஷைதானே"ன்னு சொல்லிடாதீங்க

பெர்லின்ல அகதிகளுக்கு கவுன்சிலிங் குடுக்குற வேலைல இருக்கேன். 2022 பிப்ரவரி 24ல ரஷ்யா உக்ரைனுக்குள்ள முழுசா படையெடுத்ததுக்கு அப்புறம் கார்கிவ், மரியுபோல் பக்கத்துல இருந்து நிறைய பேர் வர்றாங்க.

அதுல ஒரு கார்கிவ் அம்மா, அறுபது வயசிருக்கும். முதல் நாள் நாங்க ஏற்பாடு பண்ணின மொழிபெயர்ப்பாளர் ரொம்ப அன்பான பொண்ணு, ரஷ்யன்ல ரெண்டு வரி நலம் விசாரிச்சுச்சு, அவ்ளோதான். அந்தம்மா கையில இருந்த டீ கப்பை மேசைல வெச்சுட்டு, ஹீட்டர் ஓடுற ரூம்ல, கோட்டு பட்டனை ஒண்ணொண்ணா கழுத்து வரைக்கும் போட்டாங்க. அதுக்கப்புறம் என்ன கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு" மட்டும்தான்.

தப்பு எங்க மேலதான். ஃபார்ம்ல தாய்மொழி ரஷ்யன்னு இருந்துச்சு, அதைப் பாத்து ஆள் போட்டுட்டோம். கார்கிவ்ல வீட்டுல ரஷ்யன் பேசுறது ரொம்ப சாதாரணம். ஆனா ரஷ்யாக்காரங்க "க"ன்னு (இங்கிலீஷ் g மாதிரி) அழுத்திச் சொல்ற இடத்துல உக்ரைன்ல நிறைய பேருக்கு "ஹ" மாதிரி வரும், நாம ரெண்டு வார்த்தைலயே ஒருத்தர் கோயம்புத்தூரா திருநெல்வேலியான்னு கண்டுபிடிச்சிடுவோம்ல, அந்த மாதிரி பேசுறவங்க ரஷ்யாக்காரங்கன்னு அவங்களுக்கும் உடனே தெரிஞ்சிடும்.

இது வெறுப்பு இல்லைங்க. குண்டு சத்தத்துல மாசக்கணக்கா இருந்த உடம்பு, மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடியே ஆபத்துன்னு முடிவு பண்ணிடுது, நெஞ்சு படபடக்குது, கை சில்லிடுது. இத்தனைக்கும் ஜெர்மனில ரஷ்யன் பேசுறவங்க எல்லாரும் ஒரே ரகம் கிடையாது. சோவியத் நாடுகள்ல இருந்து வந்த ஜெர்மன் வம்சாவளிக்காரங்களே 20 லட்சத்துக்கு மேல, அதுல நிறைய பேர் பொறந்தது கஜகஸ்தான்ல. போர் வேணாம்னு ரஷ்யாவை விட்டே ஓடி வந்தவங்களும் இருக்காங்க. ஆனா டிராம்ல பின் சீட்டுல கேக்குற குரல் எந்தப் பக்கம்னு இவங்க எப்படி தெரிஞ்சுக்குவாங்க? 2022 ஏப்ரல்ல இதே பெர்லின்ல ரஷ்யக் கொடி கட்டின கார்கள் நூத்துக்கணக்குல ஊர்வலம் போச்சு, அதைப் பாத்தவங்ககிட்ட போய் "சும்மா பயப்படாதீங்க"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா நல்ல மனசோட பண்றதுதான் ஜாஸ்தி காயப்படுத்துது. கிளாஸ்ல புதுசா வந்த உக்ரைன் பையனை "உன் பாஷை பேசுவான்"னு ரஷ்யப் பையன் பக்கத்துல உக்கார வெக்கிறது, கேம்ப்ல ஒரே ரூம் குடுக்குறது, "அவரும் நல்லவர்தான், பேசிப் பாருங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறது. பேசலாம், சில பேர் பேசி நல்ல சிநேகிதமாவும் ஆகியிருக்காங்க, ஆனா எப்போங்கிறதை அவங்கதான் முடிவு பண்ணணும். அந்த ரஷ்யப் பையனும் குழந்தைதான், அவன் மேல யாராவது கை வெச்சா அதையும் உடனே தடுக்கணும். அப்புறம் ஒருத்தர் கடைக்கே போகாம வீட்டுக்குள்ளயே இருக்காரு, ஒரு மாசத்துக்கு மேல சரியா தூக்கமில்லன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அந்தம்மாவுக்கு இப்போ உக்ரைன்காரப் பொண்ணு ஒண்ணு மொழிபெயர்க்குது. உக்ரைனிய மொழில வார்த்தை தேடித் தேடிப் பேசுறாங்க, வரலன்னா ரஷ்யன்லயே சொல்லிடுறாங்க, ரெண்டுமே ஓகேதான். எங்க ஃபார்ம்ல இப்போ தாய்மொழிக்கு கீழ, எந்த மொழில பேச விருப்பம், மொழிபெயர்ப்பாளர் எந்த நாட்டுக்காரரா இருக்கலாம்னு ரெண்டு கேள்வி சேத்திருக்கோம். கடைசிக் கேள்வியை நிறைய பேர் காலியாவே விட்டுடுறாங்க, அதனால வாயாலயும் ஒரு தடவை கேட்டுக்குறோம்.